வாங்கிய அடி மட்டும்

ஜூன் 4

பாப்பாவுக்கு,

இந்தப் பேனாவை வாங்குவதற்கே வார்டன் காலில் விழாத குறை. அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். உன் புருஷனை நான் கொல்லவில்லை.

அடக்கத்தன்று ரெண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் என்னை நிறுத்தியிருந்தபோது நீ பார்த்த பார்வையை வைத்துச் சொல்கிறேன், நீயும் அதைத்தான் நம்புகிறாய். கரண்டை நான் எதற்குக் கொல்ல வேண்டும்? அவனுக்குக் கரண்ட் என்று பேர் வைத்ததே நான்தான். ஒட்டடைக்குச்சி மாதிரி ஜிம்முக்கு வந்தவன். அவனுடைய இடது கை முகத்தில் பட்டால் ஈரக்கையோடு சுவிட்ச் போர்டைத் தொட்ட மாதிரி இருக்கும் என்று முதலில் கண்டுபிடித்தவன் நான். பதினோரு வருஷம் அவனைச் செதுக்கி, என் தங்கையையும் கட்டிக்கொடுத்தேன். அடுத்த மாதம் பெரிய பந்தயம். அதில் ஜெயித்திருந்தால் என் ஜிம்முக்கு ஒரு கூரையாவது ஒழுங்காக வந்திருக்கும்.

போலீஸ் கையில் இருப்பது ரெண்டே விஷயம். ஒன்று, அவன் வேறு கோச்சிடம் போகப்போவதாகச் சொன்னபோது எல்லோர் முன்னாலும் "கொன்னுடுவேன்டா" என்று கத்தினேன். எங்கள் ஜிம்மில் அந்த வார்த்தைக்கு வணக்கம் என்று அர்த்தம். இன்னொன்று, அன்று சாயங்காலம் அவனோடு ரிங்கில் நின்றவன் நான். ரெண்டாவது ரவுண்டில் கையைக் கீழே விட்டான். வலது காலை இழுத்தான். அப்புறம் முகம் தரையில் அடிக்க விழுந்தான். ஆஸ்பத்திரியில் விடிவதற்குள் போய்விட்டான். மண்டையோட்டுக்குள் ரத்தம் கட்டியிருந்ததாம். நான் தலையிலேயே அடித்துக் கொன்றேன் என்று எழுதிவிட்டார்கள்.

அன்றைக்கு அவன் வாயில் உன்னுடைய லேப் கொடுத்த மவுத் கார்டு இருந்தது. பல்லில் கடித்துக்கொள்ளும் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் ஒரு சில்லு இருக்கிறது, தலையில் விழும் ஒவ்வொரு அடியின் வேகத்தையும் நேரத்தையும் எழுதிவைக்கும் என்று நீதானே எங்களையெல்லாம் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாய். அதை எடுத்துப் பார். நான் பாதி பலத்தில்தான் அடித்தேன். அது உனக்கே தெரிந்துவிடும். போலீஸுக்கு அது வெறும் பிளாஸ்டிக். நீ வாய் திறந்தால்தான் அது பேசும்.

அண்ணன்

*

ஜூன் 9

அண்ணா,

கடிதம் கிடைத்தது. மவுத் கார்டு என்னிடம்தான் இருக்கிறது. அவருடைய ஷூ, வாட்ச், பெல்ட்டோடு அதையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். ரத்தமும் எச்சிலும் காய்ந்து போய் இருந்தது. கழுவி வைத்துவிட்டேன்.

அதில் ஒன்றும் இல்லை. பேட்டரி செத்திருந்தது.

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். எங்கள் வேலை என்னவென்று உனக்குத்தான் தெரியுமே. ஹெல்மெட் போட்ட பொம்மைத் தலையை மேலிருந்து இரும்புக் கட்டையின்மேல் போடுவோம். விழுந்த அதிர்ச்சி கம்ப்யூட்டரில் கோடாக வரும். அந்தக் கோட்டைப் பார்த்து, உள்ளே மூளை இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று சொல்வோம். இத்தனை வருஷமாக எனக்கு அது ஒரு பொம்மைதான். இப்போது அது விழும்போதெல்லாம் நான் திரும்பி நின்றுகொள்கிறேன். மேடம் என்னை ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்.

இன்னொரு விஷயம். என்னைப் பாப்பா என்று எழுதாதே. போன மார்ச்சில் அந்தப் பேரை நம்பித்தான் உன் ஜிம் வாசலில் வந்து நின்றேன். என் ஒரு கண் மூடியிருந்தது. நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்குமோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. "பந்தயம் முடியட்டும், நான் பேசுறேன். இப்ப அவன் மூடைக் கெடுக்காத." பக்கத்தில் ஒருத்தன் கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து அவன்தான் நிறுத்தினான். நீ அவனைத் திட்டினாய்.

வக்கீலை நன்றாகப் பிடித்துக்கொள்.

*

ஜூன் 15

உனக்கு,

பேர் போடவில்லை. திருப்திதானே.

நேற்று இங்கே சாப்பாட்டு வரிசையில் ஒருத்தன் தட்டை ரெண்டாக மடித்து, அந்த விளிம்பால் இன்னொருத்தன் கன்னத்தைக் கிழித்தான். பல் வெளியே தெரிந்தது. நான் நடுவில் புகுந்து கிழித்தவனை விலாவில் ஒன்று போட்டேன். வேறெதுவும் எனக்குத் தெரியாதே. அவன் கூட்டாளிகள் நாலு பேர் குளியல் தொட்டிக்குப் பின்னால் என்னைப் பிடித்து, கையைத் தரையில் அழுத்தி, வலது கை விரல்கள்மேல் ஏறி மிதித்தார்கள். ரெண்டு விரல் போச்சு. இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிறுக்கினது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ பொய் சொல்கிறாய். பேட்டரி செத்தாலும் சில்லில் எழுதினது அழியாது என்று நீதான் சொன்னாய். "மாஸ்டர்களா, இதைத் தண்ணில போட்டாலும், வண்டி ஏத்தினாலும் உள்ள இருக்கிறது போகாது." கைதட்டல் வாங்கினாயே. உனக்கு என்மேல் கோபம் இருக்கலாம். மார்ச்சில் நான் பேசினது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அண்ணனைச் சாகும்வரை உள்ளே வைப்பதா? வக்கீல் சொல்லிவிட்டார், வேறு சாட்சி எதுவும் வராவிட்டால் ஆயுள்தான் என்று. அவருக்கு வருஷம் பூரா மூக்கடைப்பு. அவர் ஆயுள் என்று சொன்னது ஆயில் மாதிரி கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். அதற்குமேல் அந்த மவுத் கார்டைக் கைப்பற்றச் சொல்லி மனு போடச் சொல்வேன். உன் வீட்டுக்கு போலீஸ் வரும். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் செய்வேன்.

அண்ணன்

*

ஜூன் 22

அண்ணா,

இதைத் தபாலில் போடவில்லை. ஜெயில் ஆபீசில் பிரித்துப் படிப்பார்கள். ஒட்டி வக்கீல் கையில் கொடுக்கப்போகிறேன். பிரிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். படித்ததும் கிழித்துவிடு.

பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாளே எடுத்துப் பார்த்துவிட்டேன். நீ சொன்னது சரி. ஜிம்மில் நீ அடித்த அடிகள் எல்லாம் சின்னச் சின்ன மேடுகள். கிளவுஸ் அடி அப்படித்தான் இருக்கும், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அதில் ஒன்றுகூட ஒரு ஆளைக் கொல்லாது.

அதற்கு முன்னால், அன்று காலையில், ஒரே ஒரு கோடு இருக்கிறது. ஆணி மாதிரி மெல்லிசாக, செங்குத்தாக, திரையின் மேல் விளிம்பு வரை. கடினமான பொருள் நேராக எலும்பில் பட்டால்தான் அப்படி வரும். எங்கள் லேபில் வெறும் மண்டையை இரும்பில் போட்டால் வருகிற கோடு அது.

அது நான் அடித்தது.

இனி அவனை 'அவர்' என்று எழுத மனம் வரவில்லை. நீ உன் பையன்களுக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறாயே, மவுத் கார்டு போடாமல் யார்மேலும் கை ஓங்கக் கூடாது என்று. விளையாட்டுக்குக் குத்துகிறவனையும் வெளியே நிறுத்திவிடுவாய். உன் சிஷ்யன் அதை வீட்டிலும் கடைப்பிடித்தான். ஒருதடவை என்னை அடிக்கும்போது பல்லைக் கடித்துக் கடித்து அவனுக்கு ஓரப்பல் உடைந்துவிட்டது. அதிலிருந்து முதலில் போய் அந்த டப்பாவைத் திறப்பான். டப் என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நான் கதவு இல்லாத பக்கமாக ஓடுவேன். ஏன் அந்தப் பக்கம் என்று கேட்காதே, கால் அப்படித்தான் போகும். அவன் நிதானமாகப் பல்லில் பொருத்திக்கொண்டு வருவான். வாயில் அது இருப்பதால் திட்டக்கூட மாட்டான். சத்தமே இல்லாமல் அடிப்பான். விலாவில், முதுகில், தொடையில். மார்ச்சில் மட்டும் கை தவறி முகத்தில் பட்டுவிட்டது.

அன்று காலை நான் லேப் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். டப் என்று கேட்டது. என்ன காரணம் என்று இன்றுவரை தெரியாது. வயிற்றில் மூன்று நாலு குத்து. மூச்சு நின்றுபோய் மேசைமேல் சரிந்தேன். தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. வீசினேன். அவன் காதுக்கு மேலே பட்டது. மண்டையில் பட்ட சத்தமும் முடி கருகின வாசனையும் சேர்ந்து வந்தன. உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான். அப்புறம் மவுத் கார்டைக் கழற்றி, சிரித்தான். "பரவாயில்லையே, குத்து கத்துக்கிட்டியா?" என்றான். குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாயங்காலம் உன்னிடம் வந்தான்.

ரத்தம் உள்ளுக்குள் நாள் பூரா கசிந்திருக்கிறது. நீ அடித்திருக்காவிட்டாலும் அவன் செத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

இதை ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். அந்தச் சில்லு வாங்கிய அடியை மட்டும்தான் எழுதும். கொடுத்த அடி அதில் இல்லை. அவன் என்னை அடித்ததற்கு எங்கேயும் ஒரு கோடுகூடக் கிடையாது. அதை வெளியே எடுத்தால், சும்மா இருந்த புருஷனை ஒரு பெண் இஸ்திரிப் பெட்டியால் அடித்தாள் என்றுதான் இருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்மேல் ஆத்திரமும் இருக்கிறது. நீ உள்ளே கிடப்பது நியாயம் என்றுகூடச் சில நாள் தோன்றியது.

*

ஜூன் 24

பாப்பா,

அப்படித்தான் எழுதுவேன். இதுவும் வக்கீல் கையில்தான் வருகிறது.

அந்த மவுத் கார்டை எரித்துவிடு. எரியாவிட்டால் சுத்தியலால் நசுக்கு. நசுக்கித் தூளாக்கிச் சாக்கடையில் போடு. நீ எனக்கு எதுவும் எழுதவில்லை, நான் எதுவும் படிக்கவில்லை. உன் கடிதத்தைக் கிழித்துத் தின்றே விட்டேன். இங்கே கொடுப்பதைவிட ருசியாகத்தான் இருந்தது.

நான்தான் அடித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கோபத்தில் கைமீறிப் போய்விட்டது என்றால் கொலைக் குற்றம் குறைந்து பத்து வருஷத்தில் வெளியே வரலாம் என்கிறார் வக்கீல். எனக்கென்ன பெண்டாட்டியா பிள்ளையா? அந்தச் சட்டம் போட்டவன் நான். பல்லை மட்டும் காப்பாற்றச் சொல்லிக்கொடுத்தேன், யாரை அடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் உன்னை அடிக்கிறான் என்று எனக்குத் தெரியும். மார்ச்சுக்கு முன்னாலும் தெரியும். வாசலில் நீ நின்றபோது உன் கண்ணைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பேசினேன்.

நீ வேலைக்குப் போ. பொம்மைத் தலையைப் போடு. எவனாவது நல்லவனாகக் கிடைத்தால் கல்யாணம் பண்ணிக்கொள். குத்துச்சண்டைக்காரன் வேண்டாம்.

மனுவைப் பற்றி வக்கீலிடம் பேச்சே எடுக்கவில்லை. பயப்படாதே.

அண்ணன்

*

ஜூன் 27

அண்ணா,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே மவுத் கார்டைக் கொடுத்துவிட்டேன். வக்கீல் கையில் உனக்கு எழுதின கடிதத்தைக் கொடுத்த அன்றே நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். இல்லாவிட்டால் மனசு மாறிவிடும் என்று தெரியும்.

இந்தக் கேஸைப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் ஒரு பெண். கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார். கோட்டைக் காட்டி, இது நான் அடித்தது என்றதும் கொட்டாவி நின்றது. என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எங்கள் லேப் மேடத்தை வரச் சொல்லி சில்லில் உள்ள எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். மேடம் என் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார்.

அதில் நான் கவனிக்காத ஒன்றை இன்ஸ்பெக்டர் அம்மா கவனித்தார். பையில் கிடந்து குலுங்கினால் அதையும் அடி என்று எழுதிவிடக் கூடாது இல்லையா, அதனால் பல்லில் மாட்டியிருக்கும்போது மட்டும் விழித்திருக்கிற மாதிரி நாங்கள் அதைச் செய்திருந்தோம். எப்போது மாட்டினான், எப்போது கழற்றினான் என்பதும் அதில் விழும். எங்களுக்கு அது வெறும் பேட்டரிக் கணக்கு, யாரும் பார்க்க மாட்டோம். அவர் விரலை வைத்துக்கொண்டே கேட்டார். "ஞாயித்துக்கிழமை ஜிம் லீவுதானே? அப்ப வாயில எதுக்கு இது? காலையில பல்லு விளக்கின உடனே எதுக்கு இது?" பக்கம் பக்கமாக இருந்தது அண்ணா. ஜிம் நேரத்தில் மாட்டினது போக, பாக்கி எல்லாம் நான். ஒவ்வொன்றும் எந்த நாள், என்ன நடந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது. சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். ஒரு பெண் போலீஸ் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய் முதுகையும் தொடையையும் போட்டோ எடுத்தாள். பழைய கன்னிப்போன தடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

நீ எனக்காக உள்ளே இருக்கிறேன் என்கிறாய். அந்தப் பெருந்தன்மை எனக்கு வேண்டாம். நீ ஒப்புக்கொண்டால், நல்ல வீரன் ஒருவனைக் கோபக்கார மாஸ்டர் கொன்றான் என்றுதான் ஊர் பேசும். அவன் படத்துக்கு மாலை போடும். அவன் என்னைச் செய்தது எதிலும் வராது. நான் செய்ததற்கு எனக்கு என்ன கொடுத்தாலும் சரி, அவன் செய்தது பதிவாக வேண்டும்.

நாளை என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். உன்னைக் கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் வாயில் எதுவும் நிற்காது. அன்று சாயங்காலம் கைக்குத் துணி சுற்றும்போது காலையில் நடந்ததை உன்னிடம் சொல்லியிருப்பான். சொன்னானா?

*

செப்டம்பர் 11

பாப்பா,

இதுவும் வக்கீல் கையில்தான் வருகிறது. இப்போது நம் ரெண்டு பேருக்கும் அதே மூக்கடைப்பு வக்கீல்.

உன் கேள்விக்கு இரண்டரை மாதமாகப் பதில் எழுதவில்லை. வெளியே வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நாளை நான் சாட்சிக் கூண்டில் ஏறுகிறேன், அதனால் இனி தள்ளிப்போட இடமில்லை.

அரசு வக்கீல் போன வாரம் ஜிம்முக்கே வந்தார். கேஸ் வந்ததும் என் லைசென்ஸைப் பிடுங்கி ஜிம்மைப் பூட்டிவிட்டார்கள், அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்று பேசினோம். மவுத் கார்டை வீட்டில் மாட்டியிருந்தான் என்பதை வைத்து அவன் அடித்தான் என்று சொல்ல முடியாதாம். பழக்கத்தில் மாட்டியிருப்பான், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவனாக இருப்பான் என்று சொல்லி உடைத்துவிடுவாராம். உன் முதுகுத் தழும்பு கீழே விழுந்ததால் வந்தது என்பாராம். "அவன் அந்தம்மாவை அடிச்சான்னு சொல்ல யாரு இருக்கா? நீங்க எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க மாஸ்டர். உங்க லைசென்ஸ் தானா வந்துடும்." தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சொன்னான் பாப்பா. நீ நினைத்தது சரி. கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நான் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். "உங்க தங்கச்சி கை நீட்டிட்டா மச்சான். நாலு போட்டேன், அஞ்சாவதுக்குள்ள இஸ்திரிப் பெட்டியால போட்டுட்டா" என்றான். ரெண்டு பேரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். காதுக்கு மேலே தொட்டுப் பார்த்தேன். வீக்கம் மெத்தென்று இருந்தது, விரல் உள்ளே போனது. அவன் கண்மணிகளில் ஒன்று பெரிசாக, ஒன்று சின்னதாக இருந்தது. இருபது வருஷமாக மண்டைகளைப் பார்க்கிறவன் நான். வேறு எந்தப் பையனாக இருந்தாலும் அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். ஆனால் அங்கே போனால் தலையில் அடி என்று எழுதுவார்கள். எழுதினால் பந்தயத்துக்குத் தடை. பிழைத்திருப்பான் என்று டாக்டர் கோர்ட்டில் சொன்னாராமே, அந்தச் சாயங்காலமே கொண்டுவந்திருந்தால். எனக்கு அது அப்போதே தெரியும்.

நிற்க முடிகிறதா பார்ப்போம் என்று ரிங்கில் ஏற்றினேன். முதல் ரவுண்டில் தடுமாறினான். அப்போதும் நிறுத்தவில்லை. விழிப்பு வரட்டும் என்று அந்த வீக்கத்தின் மேலேயே ரெண்டு போட்டேன். பாதி பலம் என்று எழுதினேன், அது உண்மை. எங்கே அடித்தேன் என்று எழுதவில்லை.

நாளை அவன் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லப்போகிறேன். நாலு போட்டேன் என்று அவன் வாயாலேயே சொன்னதைக் கேட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். அதைச் சொன்ன உடனே அரசு வக்கீல் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்ட பிறகும் ஏன் அவனை ரிங்கில் ஏற்றினாய் என்பார். அதற்கும் பதில் சொல்வேன். மார்ச்சில் நீ வாசலில் நின்றதையும் சொல்வேன். அங்கிருந்தே என்னை மறுபடி கூட்டிப்போகலாம். பையை எடுத்து வைத்துவிட்டேன். இந்தத் தடவை பேனா என்னுடையது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நீ யோசிக்க வேண்டியிருக்கும், உனக்கு அந்த வேலையும் வேண்டாம்.

நான் பேசும்போது நீ தலையைக் குனிந்துகொள்ளாதே. கோர்ட் முழுக்க உன்னைத்தான் திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும். சொல்லப்போவது உன்னைப் பற்றி அல்ல, எங்கள் ரெண்டு பேரைப் பற்றி.

அண்ணன்